ரிக் வண்டியில் வந்த இருமல்

சத்தீஸ்கரில் ஒரு காட்டோரம் போர் போட்டுக்கொண்டிருந்தபோது இருமினேன். துண்டில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. கல்தூள் தொண்டையை அறுத்திருக்கும் என்று நினைத்துத் துண்டை அலசிக் காயப்போட்டேன்.

திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறவன் நான். இருமல் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் இது ஒரு மாதமாகியும் நிற்கவில்லை. மாலையானால் காய்ச்சல் வந்தது. பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை.

ஊருக்கு வந்ததும் என் மனைவி கோமதி சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போனாள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று சுகாதார நிலையத்தில் சொன்னதை நினைவில் வைத்திருந்தாள். காசநோய் என்று முடிவு வந்தது. அதிலும் மருந்து எதிர்ப்புக் காசநோய் (வழக்கமான மாத்திரைகளுக்குக் கிருமி அடங்காத வகை).

எனக்கு உடனே செல்வராசு அண்ணன் நினைவுதான் வந்தது. எங்கள் தொழிலில் மூத்தவர். முன்பு இதே நோய்க்கு மாதக்கணக்கில் ஊசி போட்டுப் பிழைத்தார், ஆனால் அந்த ஊசியால் காது போய்விட்டது. பாறையா மண்ணா என்பதை நாங்கள் துளையிடும் முனையான பிட்டின் சத்தத்தை வைத்தே சொல்வோம். காது போனால் தொழில் போயிற்று.

"காது போயிருங்களா, டாக்டர்?"

"அந்த ஊசியே உங்களுக்கு வேண்டாங்க. இப்ப ஆராய்ச்சியில புது மாத்திரை வந்திருக்கு. ஆறு மாசம் போல சாப்பிடணும். நடுவுல மட்டும் விட்டுராதீங்க."

ரத்தமும் கண்ணும் இதயத் துடிப்பும் அடிக்கடி பார்ப்போம் என்றார். பிறகு, ஒரே வண்டியில் என்னோடு படுத்துத் தூங்கியவர்கள் எல்லோருக்கும் பரிசோதனை வேண்டும் என்றார். அதற்குத்தான் தயங்கினேன். விஷயம் தெரிந்தால் எந்த வண்டியிலும் என்னை ஏற்ற மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கோமதி போனை எடுத்து என் கையில் கொடுத்தாள். "சொல்லிப்போடுங்க. அவிய ஊட்லயும் கொழந்தைங்க இருக்குதுங்க."

சொன்னேன். ஒருவர் திட்டினார், ஒருவர் பாதியிலேயே போனை வைத்தார். ஆனால் எல்லோரும் போய்ப் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் வண்டியில் வேலை பார்த்த முருகேசனின் நுரையீரலில் நோய் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அவனுக்கு இருமலே இல்லை.

நடுவில் கால்விரல்கள் மரத்துப்போயின. ஒரு மாத்திரையால் வரும் நரம்புப் பாதிப்பு அது. நாட்டு மருந்துக்கு மாறச் சொல்லி வாட்ஸ்அப்பில் வீடியோக்கள் வந்தன. நான் மருத்துவரிடமே போய்க் காட்டினேன். அவர் அந்த ஒரு மாத்திரையின் அளவைக் குறைத்தார். மற்றவை அப்படியே தொடர்ந்தன. இதை வாசிக்கிற நோயாளிக்கு நான் சொல்வதும் இதுதான்: தொந்தரவு வந்தால் மருந்தை விடாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

மாத்திரைகளை முழுதாக முடித்தேன், இப்போது சளியில் கிருமி இல்லை. சிகிச்சை எடுத்த முருகேசனுக்கும் இல்லை. முகக்கவசம் போட்டு, தூள் பறக்காமல் தண்ணீர் அடித்து, மறுபடி ஒரே வண்டியில் ஓடுகிறோம். பிட்டின் சத்தம் துல்லியமாகக் கேட்கிறது.

சென்ற மாதம் கோமதியோடு திருச்செங்கோட்டு மலைப்படி ஏறினேன். உச்சிவெயில். படியின் சூடு, மரப்பு இன்னும் முழுதாகப் போகாத காலுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. பாதியில் மூச்சு வாங்கியது. முன்பென்றால் வெட்கப்பட்டு வேகமாக ஏறியிருப்பேன். நின்றேன். மூச்சு வரும்வரை நின்று, பிறகு ஏறினேன்.