சீர்த் தட்டில் வந்த ஸ்டியரிங் மூட்டு

“ஒரிஜினல்க்கா. கண்ண மூடிட்டு மாட்டுங்க” என்றார் கடைக்காரர்.

போன மாதம் ராமநாதபுரத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நடந்தது இது. என் பிக்கப் வண்டிக்கு வயது பதினெட்டு. கம்பெனி அந்த மாடலை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரமும் திரும்ப வேண்டும் அல்லவா, அந்த வேலையைச் செய்கிற கம்பியின் நுனியில் பந்து மாதிரி ஒரு மூட்டு இருக்கும். டைராடு எண்டு என்பார்கள். அதற்காக நான் ஏறி இறங்காத கடை இல்லை. இந்தக் கடைக்காரர் நீட்டிய பெட்டியில் மினுக்குகிற ஸ்டிக்கர் எல்லாம் ஒட்டியிருந்தது. திறந்து, பந்தை ஒற்றை விரலால் தள்ளினேன். கிலுகிலுப்பை மாதிரி ஆடியது. புது மூட்டு அப்படி ஆடக் கூடாது. கை வலிக்க வலிக்கத் திருகினால்தான் அசைய வேண்டும்.

“கண்ண மூடிட்டு மாட்டலாம்ணே. கண்ண மூடிட்டு ஓட்ட முடியுமா? ஒங்க வீட்டுப் பிள்ளைகள இதுல ஏத்தி அனுப்புவீகளா?”

“வேணாம்னா வச்சுட்டுப் போங்க. எதுக்குச் சத்தம்?”

வைத்துவிட்டுத்தான் வந்தேன். சத்தமும் போட்டுவிட்டுத்தான் வந்தேன். இந்த மாதிரிப் பெட்டி எனக்குப் புதிது இல்லை. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கே ஒன்று வந்தது. சீர்த் தட்டில், வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் நடுவில், மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தது.

எங்கள் ஊர் நயினார்கோவில் பக்கம். அய்யா, அதாவது என் அப்பா, ஒரு பழைய பிக்கப் வைத்திருந்தார். மிளகாய்க் காலத்தில் மிளகாய் மூட்டை, மற்ற நாளில் கரிமூட்டை. அந்த வண்டியில் உட்கார்ந்து எழுந்தால் ஒன்று தும்மல் வரும், இல்லையென்றால் பாவாடை கறுப்பாகும்.

எங்கள் வகுப்பில் காதில் துளை இல்லாத ஒரே பெண்பிள்ளை நான். ‘மூளிக்காது’ என்று பட்டப்பெயர். அதற்குக் காரணம் பெரியவர்களின் வீம்பு. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்த வேண்டும். என் தாய்மாமனுக்கும் அய்யாவுக்கும், எனக்கு மூன்று வயதாக இருந்தபோது, ஒரு கல்யாண வீட்டில் சண்டை. மாமாவை முதல் பந்தியில் உட்கார வைக்கவில்லையாம். ஒரு இலை. அந்த ஒரு இலைக்காக ஆறு வருடம் அம்மா பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அம்மா வழியில் ஒரு சாவு விழுந்தபோதுகூடப் பக்கத்து ஊர்ப் பிள்ளையார் கோயில்வரை போய் நின்று அழுதுவிட்டுத் திரும்பி வந்தாள். இதையெல்லாம் மானம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஆறு வருடம் கழித்து மாமா இறங்கி வந்தார். மாரியூர்ப் பக்கம் கடலோரத்தில் இருக்கிற எங்கள் குலசாமி கோயிலில் எனக்கும் மூன்று வயதுத் தம்பிக்கும் சேர்த்துக் காது குத்துவது என்று முடிவானது. வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அதற்குள் குத்திவிட வேண்டும்.

முதல் நாள் மத்தியானம் மாமா சீரோடு வந்து இறங்கினார். பதினொரு தட்டு. பத்துத் தட்டில் வழக்கமான சாமான்கள். எனக்குப் பச்சைப் பட்டுப்பாவாடை, ஒரு சோடி கம்மல். பதினோராவது தட்டில் அந்தப் பெட்டி.

“மச்சான், ஒங்க வண்டி ஸ்டியரிங்கு ஆட்டம் குடுக்குதுன்னு அக்கா போன்ல சொன்னுச்சு. மதுரை பூராம் அலைஞ்சு ஒரிஜினலே வாங்கியாந்துட்டேன். பிள்ளைகளுக்குக் கம்மல், ஒங்களுக்கு இது!”

“தங்கத்துல சீரு செய்றவுகளப் பாத்துருக்கோம். இரும்புல செய்றவர இப்பத்தேன் பாக்குறோம்” என்று அத்தை ஒருத்தி சொல்ல, கூட்டமே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அய்யா அந்தத் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மாட்டுகிறதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று மாமாவும் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். நானும் தொற்றிக்கொண்டேன். பழசைக் கழற்றுகிற நேரத்தில் மாமா என்னைப் பக்கத்து டீக்கடைக்குக் கூட்டிப்போய்க் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். அந்த நேரத்தில் ஒர்க்‌ஷாப்பில் என்ன நடந்தது என்பதை மெக்கானிக் அண்ணன் எனக்குச் சொன்னது பத்து வருடம் கழித்து. அவர் மூட்டைக் கையில் எடுத்ததும் பந்தை விரலால் தள்ளிப் பார்த்திருக்கிறார். நகத்தால் சுரண்டினால் கறுப்புப் பெயின்ட் உரிந்து உள்ளே துரு தெரிந்திருக்கிறது.

“அண்ணே, இது டூப்ளிகேட்டு. இதுக்குக் கழட்டுன பழசே தேவல. பழசு ஆடும், ஆனா கழண்டுறாது. இது என்னைக்கு வாயப் பொளக்கும்னு சொல்ல முடியாது.”

அய்யா டீக்கடைப் பக்கம் ஒரு தடவை பார்த்திருக்கிறார்.

“சீர்ல வந்தது. மாட்டு.”

அவ்வளவுதான். இந்தப் பேச்சை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பெல்லாம் எரியும். சீரில் வந்த சேலை கிழிசலாக இருந்தால் மடித்துக் கட்டிக்கொள்ளலாம். சீரில் வந்த குடம் ஒழுகினால் அரிசி போட்டு வைக்கலாம். ஸ்டியரிங்கை என்ன செய்வது? மறுநாள் காலையில் இருபத்திரண்டு பேர் அந்த வண்டியில் ஏறப் போகிறோம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் மாட்டச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் சத்தமில்லாமல் பழசையே திரும்ப மாட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்கும் வழியில்லாமல் செய்தார் மாமா. முன்சக்கரத்துக்குள் கையை விட்டுப் புது மூட்டுக்குச் சந்தனம் தடவி, கதம்பம் சுற்றிவிட்டார். விருந்துக்கு வந்த ஒவ்வொருவரையும் அழைத்துவந்து குனிய வைத்துக் காட்டினார். சொந்தக்காரர்கள் வரிசையாகச் சக்கரத்தடியில் குனிந்து, “நல்லாருக்கு, நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்தருக்கும் அது என்னவென்று தெரியாது.

விடிவதற்குள் கிளம்பினோம். பின்னால் சொந்தபந்தம், இரண்டு ஆடு, அண்டா, விறகு, அரிசி மூட்டை. முன்னால் அய்யாவும் மாமாவும், மாமா மடியில் தம்பி, நடுவில் நான். கிளம்பும்போது அய்யா ஒரு துணிப் பொட்டலத்தை என் மடியில் வைத்தார். கல் மாதிரிக் கனத்தது.

“கெட்டியாப் புடிச்சுக்க. கீழ போட்றாத.”

“என்ன மச்சான் அது?”

“சாமானு மாப்ள.”

முதுகுளத்தூர் தாண்டுவதற்குள் பொட்டலத்திலிருந்து கிரீஸ் கசிந்து, என் பச்சைப் பட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. அழுதேன். அய்யா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார்.

வண்டி நகரவே இல்லை. நடக்கிற ஆள் கொஞ்சம் வேகமாக நடந்தால் எங்களைத் தாண்டிவிடுவான். ஒரு குழி வந்தால் நிறுத்துவார், இறங்குவார், முன்சக்கரத்துக்குக் கீழே கையை விட்டுத் தடவுவார், மறுபடி ஏறுவார்.

“என்ன மச்சான், டயருக்கு முத்தம் குடுக்குறீகளா?” என்றார் மாமா.

பின்னாலிருந்து சித்தப்பா கத்தினார்: “அண்ணே, மாட்ட அவுத்து விட்டுட்டு வண்டி ஓட்டுறீகளா? அந்தா சைக்கிள்ல போறவன் டாட்டா காட்டுறான்!”

“இந்த வேகத்துல போனா பிள்ளைக்குக் காதுகுத்து இல்ல, கல்யாணமே வச்சுறலாம்” என்று அத்தை சேர்த்துக்கொண்டாள்.

நான் மாமாவின் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மணி. கடலாடிக்கு முன்னால் ஒரு பெரிய கண்மாய். கரைமேல்தான் ரோடு. அந்த வருடம் நல்ல மழை, ஒரு பக்கம் தண்ணீர் தளும்பிக் கிடந்தது, மறுபக்கம் ஆழப் பள்ளம். கரை தொடங்குகிற இடத்தில் அய்யா வண்டியை நிறுத்தினார்.

“எல்லாரும் எறங்கி நடந்து வாங்க. கரை மழையில ஊறிக் கெடக்கு, பாரம் தாங்காது.”

“ஏலே, நேத்து இதே கரையில கரும்பு லாரி போச்சுலே!” என்றார் ஒரு பெரியப்பா.

“நீங்க எறங்குங்கண்ணே.”

வைதுகொண்டே இறங்கினார்கள். பட்டுச்சேலையோடு பெண்கள், இடுப்பில் பிள்ளைகள், கயிற்றில் ஆடுகள். என்னையும் பொட்டலத்தோடு இறக்கிவிட்டார். வெறும் வண்டியை அவர் மட்டும் தனியாக ஓட்டிப் போனார். கரை நெடுக நடந்த நாங்கள் அத்தனை பேரும் அவரைத்தான் திட்டினோம். நான்தான் அதிகம் திட்டினேன். எனக்கு அப்போது ஒரு கணக்கு ஓடியது: மாமா மடியில் நான் உட்காருவது அய்யாவுக்குப் பிடிக்கவில்லை. பழைய பகையை மனதில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே நேரத்தைக் கடத்துகிறார். எனக்கு அது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

சாயல்குடி தாண்டும்போது மணி பத்து. கோயிலுக்கு இன்னும் நாலு கிலோமீட்டர். கடல்காற்று முகத்தில் அடித்தது. அப்போதுதான் கீழே ‘டொக்’ என்று ஒரு சத்தம். அய்யா ஸ்டியரிங்கைத் திருப்புகிறார், அது பாட்டுக்கு இலகுவாகச் சுற்றுகிறது, வண்டி மட்டும் தன்னிஷ்டத்துக்குப் போகிறது. போன வேகம் அவ்வளவுதான் என்பதால், ரோட்டோர மணலில் இறங்கிக் கருவேலம் புதரில் மூக்கை வைத்து நின்றது. ஒரு அண்டா உருண்டது, அரிசி கொஞ்சம் சிந்தியது. ஒரு ஆடுகூடக் கீழே விழவில்லை. இறங்கிப் பார்த்தால் ஒரு முன்சக்கரம் கடலைப் பார்த்துத் திரும்பியிருந்தது, இன்னொன்று கருவேலங்காட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மாமாவின் மூட்டு வாயைப் பிளந்து தொங்கியது. கதம்பம் மட்டும் அவிழாமல் இருந்தது.

மாமா குனிந்து பார்த்தார்.

“ரோடா இது? ஒரிஜினல் சாமானே தாங்கலையே மச்சான்.”

“ஆமா மாப்ள. ரோடு மோசம்” என்றார் அய்யா.

என் மடியில் இருந்த பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார். உள்ளே பழைய மூட்டும் ஸ்பானரும் இருந்தன. மணலில் மல்லாக்கப் படுத்து, சக்கரங்கள் நேராக நிற்பதற்காக, உடைந்ததை எத்தனை சுற்றில் கழற்றினாரோ அத்தனை சுற்றையும் வாய்விட்டு எண்ணிப் பழசை ஏற்றினார். முடிப்பதற்குள் பத்தரை தாண்டிவிட்டது. ராகுகாலம் முடிகிறவரை கோயிலில் வெயிலில் காய்ந்தோம். பன்னிரண்டு மணிக்கு மேல், மாமா மடியில், கிரீஸ் கறைப் பாவாடையோடு எனக்குக் காது குத்தினார்கள்.

எல்லாரும் அன்றைக்கு அய்யாவைத்தான் குறை சொன்னார்கள். ஓட்டத் தெரியவில்லை, நேரம் காலம் தெரியவில்லை என்றார்கள். அவர் வாயைத் திறந்திருந்தால் அம்மாவுக்கு இன்னொரு ஆறு வருடம். அதனால் அவரைப் பெரிய மனசுக்காரர் என்று இன்றைக்குச் சிலர் சொல்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். கண்மாய்க் கரையில் எங்களை இறக்கிவிட்டார் சரி, கரைக்கு முன்னாலும் பின்னாலும் எங்களை ஏற்றிக்கொண்டுதானே ஓட்டினார்? ஒரு மச்சினனின் முகம் கோணக் கூடாது என்பதற்காக இருபத்திரண்டு உயிரை ஏற்றிக்கொண்டு மெதுவாக ஓட்டிப் போவது என்ன பெருமை? மாமா ஏமாந்தாரா, தெரிந்தே மலிவாக வாங்கினாரா என்றும் இதுவரை தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து துருப்பிடித்த இரும்புக்குப் பெயின்ட் அடித்து, மினுக்கு ஸ்டிக்கர் ஒட்டினவனை மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். போன மாதமும் அவன் ஒட்டியதைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது அய்யா வழக்கமான வேகத்தில் ஓட்டினார். ஸ்டியரிங் பழையபடி ஆடியது. அவர் ஒரு கையை ஜன்னலில் வைத்துக்கொண்டார். “இப்பத்தேன் மச்சான் ஓட்டுறாரு!” என்று மாமா சிரித்தார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. போகும்போது ஊர்ந்த மனிதர், எல்லாம் கெட்டபிறகு பறக்கிறாரே.

வீட்டுக்கு வந்ததும் வண்டிக்கு அடியில் படுத்து அந்தப் பழைய மூட்டை மறுபடி தடவிப் பார்த்தார். பிறகு என் கம்மலைப் பார்க்க வந்தார். நான் காட்டவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன்.

வலியில் பொத்துகிறேன் என்று நினைத்துவிட்டார். கையெல்லாம் கிரீஸ் என்பதால் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முட்டி போட்டு, என் விரல் இடுக்கு வழியாக ஒவ்வொரு காதிலும் ஊதிவிட்டார். என்னைத் தொடக்கூட அவருக்கு மனசில்லை என்று நினைத்தேன். விரலை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.