கூரை இறங்கிய மூன்று நாள்

ஆர்லன் ஹாகனைப் போல ஒரு வீம்புக்காரனை விஸ்கான்சின் மாநிலம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. காகித ஆலையில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்தவன், ஒருவரிடமும் ஓர் உதவி கேட்டதில்லை. அடுத்தவருக்குத் தொந்தரவு தரக் கூடாதாம். எங்கள் ஊரில் அதைப் பெருமை என்றுதான் நினைக்கிறோம்.

அவனிடம் ஒரு மடக்குக் கூடார வண்டி இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் கம்பிவடம் இழுத்து, நாலு மூலைத் தூண்களும் எழும்பிக் கூரையைத் தூக்கும். கோடைதோறும் அவனும் மனைவி லோர்னாவும் அதைக் காரில் கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவார்கள். இந்த ஜூனில் லோர்னாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. ஏரிக்கரையில் ஒரே ஒரு ராத்திரி அந்த வண்டியில் படுத்தால் போதும் என்றாள்.

வியாழக்கிழமை காலை ஆர்லன் கூரையை ஏற்றினான். கையை விட்டதும் அது மெல்லக் கீழே இறங்கியது. மறுபடி ஏற்றினான், மறுபடி இறங்கியது. வண்டிக்கு அடியில் நுழைந்தவன்தான். வடத்தை உருவினான், கப்பிகளைக் கழற்றினான், எல்லாவற்றையும் துடைத்துத் திரும்பக் கோத்தான். லோர்னா ஜன்னலிலிருந்து கூப்பிடுவாள்.

"ஆர்லன், அது கிடக்கட்டும். கொஞ்ச நேரம் என்கிட்ட வந்து உக்காரேன்."

"இதோ, இந்த மூலையை மட்டும் முடிச்சிட்டு வந்துடறேன்."

இப்படியே மூன்று நாள். நான் இந்த வண்டிகளைப் பழுது பார்த்தே பிழைத்தவன், குடியிருப்பது எதிர்வீட்டில். ஒரு குரல் கொடுத்தானா? மாட்டானே. சனிக்கிழமை மாலை நானே போய்க் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தேன்.

"சுத்தினா டக் டக்னு சத்தம் வரணுமே, எங்கய்யா அது?"

"ஏப்ரல்ல காத்தாட விரிச்சப்போ, சத்தம் தலைக்குள்ள இடிக்குதுன்னா லோர்னா. எண்ணெய் விட்டேன்."

"அடப்பாவி, அது கூரையைப் பிடிச்சு நிறுத்துற பிரேக்குய்யா. அதுல எண்ணெய் விட்டா வழுக்காம என்ன செய்யும்?"

கடையிலிருந்து புதுப் பிரேக் தகடு கொண்டுவந்து மாட்டினேன். இருபது நிமிஷ வேலை. கூரை அசையாமல் நின்றது. அவளிடம் சொல்ல ஆர்லன் உள்ளே ஓடினான். லோர்னா கண்ணைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஆர்லன் தட்டைத் தொடவே இல்லை.

"மூணு நாள் அவ கூப்பிட்டாய்யா. நான் போகல."

வியாழக்கிழமை காலை காபி குடித்துக்கொண்டே என் ஜன்னல் வழியாக அந்தக் கூரை இறங்குவதைப் பார்த்தேன். பிரேக்தான் என்று அப்போதே எனக்குத் தெரியும். அவன் வந்து கேட்கட்டும் என்று இருந்தேன்.