பாச்சாங் சாப்பாட்டுக் கடையில் என் பம்ப்

மகளுக்கு இரண்டு மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. அதில் ஒன்றில் படிக்கும் சீனியர் பெண்ணை இன்று பாச்சாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம்.

பதினோரு கேள்விகளை எழுதிக்கொண்டு போயிருந்தேன். முதல் கேள்வி: "படிப்பு ரொம்ப கஷ்டமாம்மா?"

"கஷ்டந்தான் அங்கிள். ஆனா ஜாலியா இருக்கும்லா! ஸ்டெதஸ்கோப் வாங்குன வாரம் பூரா ஹாஸ்டல்ல ஒருத்தர் நெஞ்ச ஒருத்தர் கேட்டுக்கிட்டே கிளாசுக்கு லேட்டாப் போனோம். நீங்க உங்களோடத கேட்டிருக்கீங்களா?"

பையிலிருந்து எடுத்து என் காதில் மாட்டிவிட்டாள். மறுமுனையைக் கையில் கொடுத்து, நெஞ்சில் எங்கே வைப்பது என்று காட்டினாள்.

சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் இருபத்தாறு வருடமாகப் பம்புகளின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்கிறவன் நான். இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். சாப்பாடு ஆறிப்போனது.

"அப்பா, மத்த பத்து கேள்வி?" என்றாள் மகள்.

"போதும்மா. எனக்கு இந்த காலேஜ் ஓகே. நீ சொல்லு."

"நான் அப்பவே ஓகேப்பா. நீங்கதான் லேட்டு."

ஆலையில் எந்தப் பம்பையும் அவ்வப்போது நிறுத்தி பேரிங் மாற்றுவோம். என் நெஞ்சுக்குள் ஓடும் இந்தப் பம்ப் ஐம்பத்திரண்டு வருடமாக நிற்கவே இல்லை. நானும் ஒருநாள்கூட எட்டிப் பார்த்ததில்லை.

உங்களுடையது எப்படி ஓடுகிறது? கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.