கிரீஸ் அடித்துக் கொண்டுவந்த வண்டி

என் அண்ணனைக் கடைத்தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'காது' என்பார்கள். பழைய கார்களின் அடியில் குலுக்கலைத் தாங்குகிற சஸ்பென்ஷன் வேலை மட்டும்தான் செய்வான். எஞ்சினைப் பற்றிக் கேட்டால் அடுத்த பட்டறைக்குக் கையைக் காட்டிவிடுவான். அவன் பட்டறையின் முன்பக்கம் உதிரிபாகக் கவுண்டர், அங்கே அவன் தங்கை நான். புஷ், பேரிங், ஷாக் அப்சார்பர் விற்பதும், அவன் திட்டித் துரத்தியவர்களைச் சமாதானப்படுத்தித் திரும்ப அழைத்து வருவதும் என் பிழைப்பு. அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம். எனக்கு மட்டும் குறைச்சலா என்று கேட்காதீர்கள்.

வண்டி வந்தால் அவன் முதலில் ஜாக்கியைத் தொட மாட்டான். பட்டறை வாசலில் பாதி உடைந்த ஸ்பீட் பிரேக்கர் ஒன்று உண்டு. அதன்மேல் வண்டியை ஊர்ந்து போகச் சொல்லிவிட்டு, சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடியே கூட நடப்பான். அந்த நேரத்தில் யாராவது வாயைத் திறந்தால் தொலைந்தார்கள். அப்புறம் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஒரு வட்டம் அடிக்கச் சொல்வான். கடகடவென்றால் ஸ்டெபிலைசர் ரப்பர். முனகினால் மேல் பேரிங். மேட்டில் ஏறும்போது 'டக்' என்று ஒற்றை அடி விழுந்தால் பால் ஜாயிண்ட். முன்சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கிற குண்டும் கிண்ணமும் அதுதான். கிண்ணம் தேய்ந்து குண்டு கழன்றால் சக்கரம் மடங்கி வண்டி படுத்துவிடும். சத்தம் எந்த மூலை என்று தெரிந்த பிறகுதான் அந்த மூலையைத் தூக்கிக் கம்பி போட்டு நெம்பிப் பார்ப்பான்.

இன்னொரு கண்டிப்பும் உண்டு. கிரீஸ் அடித்து, எண்ணெய் விட்டு, வண்டியைச் சீராக்கிக் கொண்டுவந்தால் உள்ளே விட மாட்டான். "அது வாயில துணிய அடைச்சுட்டு, என்ன சீக்குன்னு என்னைக் கேக்குறியா?" என்பான். தேய்ந்த ஜாயிண்டில் புது கிரீஸ் ஏறினால் கொஞ்ச நாளைக்குச் சத்தம் அடங்கிவிடும். தேய்மானம் அப்படியே இருக்கும்.

அப்பேர்ப்பட்ட காதுதான் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் டிவி அலறும். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான். டாக்டரிடம் போகலாம், காதுக்கு மிஷின் வைத்துக்கொள் என்று தலையால் தண்ணி குடித்துப் பார்த்தேன். காது என்று பெயர் வைத்துக்கொண்டு காதில் மிஷின் மாட்டினால் எவன் வருவான் என்று என்மேலேயே எரிந்து விழுந்தான். வறட்டுக் கௌரவம். ஒப்புக்கு வண்டிகளோடு நடந்துவிட்டு, வாடிக்கையாளரின் வாயைக் கிண்டி விஷயத்தைத் தெரிந்துகொண்டு சமாளித்து வந்தான். எல்லா மூலையையும் தூக்கிப் பார்க்கலாமே என்றால், அது பழகுகிறவன் செய்கிற வேலையாம்.

அண்ணி போன பிறகு அவனுக்கு இருந்தது ஒரே மகள். அவளைக் கட்டிக்கொடுத்த மாப்பிள்ளை தங்கமான பையன். மாமனார் என்றால் பயம் கலந்த மரியாதை. பழைய கார் ஒன்று வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தான். அதன் இடது முன்பக்கம் அடிக்கிறது என்று ஒரு காலை மகளையும் கூட்டிக்கொண்டு வந்தான். வண்டி கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. ராத்திரி வரைக்கும் பலமாக அடித்ததாகவும், இப்போது குறைந்திருப்பதாகவும் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

அண்ணன் குனிந்து கூட நடந்தான். வட்டம் அடிக்கச் சொன்னான். மகள் கையைக் கட்டிக்கொண்டு அப்பாவைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நிமிர்ந்து, "ஸ்டெபிலைசர் ரப்பர்தான் மாப்ள, பயப்பட ஒண்ணுமில்ல" என்றான். ரப்பரை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவனே படுத்து மாட்டினான். பக்கத்திலேயே இருந்த ஜாயிண்டை நெம்பிப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. மாப்பிள்ளை எதிரில் சந்தேகப்படுகிறவனாகத் தெரிய அவனுக்குப் பிடிக்காது.

வண்டி வாசலைத் தாண்டித் திரும்பும்போது சன்னமாக ஒரு 'டக்' எனக்குக் கேட்டது.

"அண்ணா, அடிச்சுதே. நிறுத்தச் சொல்லு."

"கவுண்டர்ல உக்காந்துட்டு எனக்குப் பாடம் எடுக்காத. ரப்பர் புதுசு, படியிற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்."

அவனுக்கு அது கேட்கவே இல்லை. முகத்தைப் பார்த்தால் தெரியாதா எனக்கு? கத்திக் கூப்பிட நான் தெருவுக்கு இறங்குவதற்குள் வண்டி முனை திரும்பிவிட்டது. போன் செய்தேன். மகள்தான் எடுத்தாள், சத்தம் கேட்டதைச் சொன்னேன். அப்பா பார்த்துட்டாரே அத்தை, அப்புறம் என்ன என்று சிரித்தாள்.

அந்த வாரமே பாலத்திலிருந்து இறங்கும் வளைவில் இடது சக்கரம் மடங்கியது. மாப்பிள்ளை அங்கேயே போய்விட்டான். பின்சீட்டில் படுத்திருந்த மகள் கை உடைந்து பிழைத்தாள்.

காரியங்கள் முடிந்து, நொறுங்கிய வண்டியைப் பார்க்க அண்ணன் காவல் நிலைய மைதானத்துக்குப் போனான். நானும் போனேன். கழன்று கிடந்த ஜாயிண்ட் குண்டை விரலால் வழித்துப் பார்த்தான். விரலெல்லாம் சிவப்பு கிரீஸ், புத்தம் புதுசு. எங்கள் பட்டறையில் கறுப்புதான். சட்டையில் துடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்தால் மகள் கட்டுப்போட்ட கையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக வாயைத் திறந்தாள். உரக்கத்தான் கேட்டாள்.

"அப்பா, உனக்கு அந்தச் சத்தம் கேட்டுச்சா, இல்லியா?"

அவன் தரையையே பார்த்தான். "கேக்கல. எனக்குக் காது போயி ரொம்ப நாளாச்சு."

"அத்தைக்குக் கேட்டுச்சுல்ல? அவரு என்ன, வண்டியக் கவனிக்காம விட்டாரா? மாமாகிட்ட அழுக்கு வண்டியக் கொண்டுபோனா அசிங்கம்னு முந்தின நாள் ராத்திரி கழுவி, கிரீஸெல்லாம் அடிச்சாரு. நான்தான் டார்ச் பிடிச்சேன். அவ்வளவு செஞ்சவரக் கொன்னுட்டியே."

அந்த கிரீஸ்தான் சத்தத்தை அமுக்கியது என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான். வலியில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஆமாம்மா, நான்தான்" என்றான்.

வெளியே வந்ததும் அவனைப் பிடித்து உலுக்கினேன். பாதிப் பழியாவது இறங்குமே, ஏன் மறைக்கிறாய் என்று கேட்டேன்.

"இறக்கி யார் தலையில வைக்கிறது? செத்தவன் தலையிலயா, டார்ச் பிடிச்சவ தலையிலயா? நல்ல காது இருந்திருந்தா கிரீஸையும் மீறிக் கேட்டிருக்கும். நெம்பிப் பாத்திருந்தா காதே வேணாம்."

அவன் சொன்னது நிஜம். அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

பட்டறையைப் பூட்டிவிட்டான். முன்பக்கக் கவுண்டர் மட்டும் நடக்கிறது. மகள் அதே வீட்டில்தான் இருக்கிறாள். என்னோடு பேசுகிறாள், அவனோடு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு மேசையைத் தட்டுவாள். 'அப்பா' என்று கூப்பிட மாட்டாள்.

போன மாதம் அவனே தனியாகப் போய்க் காதுக்கு மிஷின் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தான். எனக்கு வந்ததே கோபம். வேலை செய்த காலத்தில் மண்டையை உடைத்துக்கொண்டேனே, பட்டறையை மூடிவிட்டு இப்போது எதைக் கேட்கப் போகிறாய் என்று கத்தினேன்.

உள்ளறையில் மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"என்னிக்காவது அவ கூப்பிட்டா, கேக்காமப் போயிடக்கூடாதுல்ல."