சம்பந்தி தள்ள மாட்டேன் என்கிறார்

என்னைத் தூக்கிக் கீழே போடச் சொல்லி ஒரு மனிதரிடம் இரண்டு மாதமாகக் கெஞ்சினேன். கேட்டால்தானே?

எனக்கு அறுபத்தாறு வயது. போன வருஷம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அடுத்து இடுப்பு என்றால் படுக்கைதான்... அந்தப் பயத்தில் குளிக்கப் போனால் சுவரை விடுவதே இல்லை. டாக்டர்தான் ஜூடோ வகுப்புக்கு அனுப்பினார். "அடிபடாம விழச் சொல்லித் தர்றாங்க சார், போய்ப் பாருங்க."

கோச்சடையில் காலை வகுப்பு. மாஸ்டர் முப்பது வயதுப் பெண். என் வயசுக்கும் எடைக்கும் அவர் பிடித்த ஜோடி யார் தெரியுமா? என் மருமகளின் அப்பா! மேலூர்க்காரர். சர்க்கரையைக் குறைக்க வந்திருந்தார்.

பெண் கொடுத்தவர் மாப்பிள்ளையின் அப்பாவைத் தள்ளுவாரா? என் சட்டையைப் பிடிக்கவே கூச்சம். பிடித்தாலும், கைக்குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி மெல்லப் படுக்க வைப்பார்.

"தள்ளுங்க சம்பந்தி."

"பொண்ணக் கொடுத்த வீடு நாங்க. மேலூர்ல என்ன பேசுவாக?"

"கீழ மெத்தைதானே கெடக்கு!"

"மெத்தை கெடந்தா? மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். சுற்றி எல்லாரும் தொப் தொப்பென்று விழுந்து எழுகிறார்கள். நான் மட்டும் வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு குளிக்கிறேன். நம் ஊரில் மரியாதைக்கு அளவே கிடையாது — வேண்டாம் என்றாலும் கொடுத்தே தீருவார்கள். அது இடுப்பைக் காப்பாற்றுமா?

வெள்ளிக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. அவர் என் சட்டையைப் பிடித்த நேரம் பார்த்துச் சொன்னேன்.

"மறுவீட்டு விருந்துல உங்க கறிக்குழம்புல உப்பே இல்ல, சம்பந்தி."

அவர் முகம் சிவந்தது. "என்னது? மூணு கெடா வெட்டி..."

அவர் முடிப்பதற்குள் நான் மெத்தையில் கிடந்தேன். தாடை நெஞ்சோடு, கை மெத்தையில் ஓங்கி ஓர் அறை... சொல்லித் தந்தது அத்தனையும் தானாக வந்தது. துளி வலி இல்லை! ஒரு வருஷப் பயத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது.

சம்பந்தி பதறிப்போய்க் கை கொடுத்துத் தூக்கினார். "தப்பா நெனைச்சுக்காதீக சம்பந்தி." என் சட்டையைச் சரிசெய்துகொண்டே, "நெசமாவே உப்பு பத்தலையா?"

உப்பெல்லாம் அளவாகத்தான் இருந்தது. திங்கட்கிழமையும் வகுப்பு இருக்கிறது... யாரும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்!