தங்கம் விரித்த படுக்கை

கன்னியாகுமரி விடுதியில் அறைப் பராமரிப்புப் பயிற்சி பெற்ற எங்கள் இருவரில் ஒருத்திக்குத்தான் வேலை. கணவருக்கு வேலை போயிருந்ததால் எனக்கு அது கட்டாயம் வேண்டும். தேர்வன்று எனக்கு ஒதுக்கிய அறையை ஒழுங்குபடுத்தி முடித்தபோது, பின்கட்டில் கிடத்தியிருந்த பிள்ளை அழுதது. கடல்பக்கத்து ஜன்னலைச் சாத்தாமல் பால் கொடுக்க ஓடினேன்.

திரும்பி வந்தால் காற்றடித்து வெள்ளை விரிப்பெல்லாம் மணல். எனக்குப் போட்டியாக நின்ற தங்கம் அதை உருவிவிட்டு வேறு விரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ எதுக்கு இதச் செய்யுத?"

"பச்சப்பிள்ளைக்குப் பால் குடுக்கப் போன நேரத்துலயா உன்னை ஜெயிக்கணும்? அந்த மூலையப் பிடிட்டி."

மேனேஜர் என் படுக்கையைத்தான் மெச்சினார். "அது தங்கம் விரிச்சது, சார்" என்று சொல்லிவிட்டேன். வேலை அவளுக்குப் போனது.

"ஏட்டி, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா என்ன?" என்று வெளியே வந்து திட்டினாள்.

சொல்லியிருக்க வேண்டாமோ என்று இன்றும் சில வேளை தோன்றும். ஆனால் அங்கே வந்து தங்குகிறவர்களை அவள் நன்றாகப் பார்த்துக்கொள்வாள் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.