வெண்ணெய் நிற வண்டி திரும்பி வந்த காலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், பிசாசு, ஆவி எதிலும் நம்பிக்கை கிடையாது. நியூ ஜெர்சியில் ஒரு மருந்துக் கம்பெனியின் லேபில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். ஒரு டெஸ்ட் ரிசல்ட் இரண்டாவது தடவையும் அதே மாதிரி வராவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன், மேனேஜரே வந்து பக்கத்தில் நின்றாலும் மாட்டேன். சின்ன வயதில் நங்கநல்லூரில் எங்கள் மாடியில் யாரோ நடக்கிறார்கள் என்று தெருவே பேசியபோது, டார்ச் எடுத்துக்கொண்டு தனியாக மேலே போய், காற்றில் ஆடிய தண்ணீர்த் தொட்டி மூடிதான் அது என்று கண்டுபிடித்தவள். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் பாதியிலேயே சிரிக்க ஆரம்பிப்பீர்கள், எனக்குத் தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள், முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் கணவர் சேகருக்கு ஐம்பது வயதானபோது புத்தி கொஞ்சம் பிசகியது. மற்ற ஆண்கள் அந்த வயதில் மாரத்தான் ஓடுவார்கள், இல்லாவிட்டால் வீணை கற்றுக்கொள்வார்கள், இவர் ஒரு பழைய கார் வாங்கினார். அறுபதுகளில் செய்த வண்டி, கூரையை மடித்துப் பின்னால் போட்டுக்கொள்ளலாம், வெண்ணெய் நிறம். ஏதோ ஒரு பண்ணைக் கொட்டகையில் வைக்கோல் தூசிக்கு நடுவில் கிடந்ததை ட்ரக்கில் ஏற்றி, ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார். நான் அதைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தேன். பின் சீட்டுக்குள் எலிக்கூடு இருந்தது.

"இது ஓடுமா?" என்றேன்.

"ஓட வெச்சிடலாம் கீதா. நீ சும்மா வேடிக்கை பாரு" என்றார்.

அடுத்த இரண்டு குளிர்காலமும் அவர் கராஜில்தான் குடித்தனம் நடத்தினார். என் பழைய இட்லித் தட்டுக் குழிகளில் போல்ட்டும் நட்டும் எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும். சாப்பிடக் கூப்பிட்டால் வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால் மட்டும் பதில் சொல்லும். ஒருவழியாக வண்டி தயாராகி, கோயில் பார்க்கிங் லாட்டில் பூஜைக்குக் கொண்டுபோனோம். குருக்கள் பானெட்டில் குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, "எடுங்கோ சார்" என்றார். வண்டி இருமியது, அவ்வளவுதான். பட்டுப்புடவைப் பெண்களும் வேட்டிக்காரர்களுமாகப் பதினோரு பேர் பின்னாலிருந்து தள்ளித்தான் அந்தப் பழங்கள் நசுங்கின. குருக்கள் என் பக்கம் திரும்பி, "மாமி, பழத்து மேல ஏறியாச்சு, பகவான் வேலை முடிஞ்சுது. மீதிய வண்டி இழுக்கற டோ ட்ரக்காரன் பாத்துப்பான்" என்றார். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் சேகர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆனால் ஓட ஆரம்பித்த பிறகு, சும்மா சொல்லக் கூடாது, அந்த வண்டி எங்களுக்குக் கொடுத்த சந்தோஷம் வேறு எதுவும் கொடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கூரையை மடித்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் போவோம், தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு மடியில் தயிர்சாத டப்பாவோடு நான், சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பக்கத்து வண்டிக்காரன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவான், இவர் ஏதோ தேர்தலில் ஜெயித்தவர் போலக் கையசைப்பார். அந்த வண்டிக்கும் ஒரு வீம்பு உண்டு. நான் உட்காரும் பக்கத்துக் கதவு வெளியிலிருந்து திறக்காது. என்னென்னவோ மாற்றிப் பார்த்தும் சரியாகவில்லை. அவர் டிரைவர் சீட்டிலிருந்து குறுக்கே சாய்ந்து, கைப்பிடியை மேலே தூக்கித் தோளால் ஒரு இடி இடித்தால்தான் திறக்கும். திறந்துவிட்டு, "ஏறு" என்பார். பத்து வருஷம் அந்தக் கதவை எனக்குத் திறந்துவிட்டது அவர்தான்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அவர் பால் வாங்கப் போனாலும் நான் கராஜ் வாசலில் நின்று "போயிட்டு வாங்க" என்று சொல்லாமல் அனுப்ப மாட்டேன். எங்கள் அம்மா அப்பாவுக்குச் சொல்வாள், நானும் சொன்னேன், யோசித்துச் சொன்னதில்லை. அவர் தெருமுனையில் திரும்பும்போது இரண்டு சின்ன ஹாரன் அடிப்பார், அந்த ஹாரன் தொண்டை கட்டிக்கொண்ட மாதிரி கரகரவென்று இருக்கும். எங்கள் மகள் மீரா, இங்கேயே பிறந்தவள், "அம்மா, ஹீ இஸ் கோயிங் டு த க்ரோசரி ஸ்டோர்" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

அவர் கடைசியாக வீட்டை விட்டுப் போனது அந்த வண்டியில் இல்லை, ஆம்புலன்ஸில். காலையில் நெஞ்சு வலி என்றார், நான் போன் செய்தேன், ஏழு நிமிஷத்தில் வந்துவிட்டார்கள். நான் உள்ளே இன்ஷூரன்ஸ் கார்டைத் தேடிக்கொண்டிருந்தேன். எல்லா டிராயரையும் இழுத்துப் போட்டுவிட்டுக் கார்டோடு வெளியே ஓடி வரும்போது கதவைச் சாத்திவிட்டார்கள். நான் பின்னாலேயே என் காரில் போனேன், அங்கே போய்ச் சேரும்போது அவர் இல்லை. அன்றைக்கு மட்டும் நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. இதை இன்றுவரை மீராவிடம்கூடச் சொன்னதில்லை, உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

இரண்டு வருஷம் வண்டி உறை போட்டபடி கராஜில் நின்றது. நான் அந்தப் பக்கமே போகவில்லை. மீரா டாலஸில் இருக்கிறாள், அவளுக்குக் குழந்தை பிறந்த பிறகு என்னை அங்கே வந்துவிடச் சொல்லி ஒரே நச்சரிப்பு. "அம்மா, ஃபர்ஸ்ட் செல் த கார். தென் த ஹவுஸ். ஒன் திங் அட் அ டைம்" என்றாள். சரி என்று வண்டியை விற்கப் போட்டேன். வாங்க வந்தவர் வால்டர், பென்சில்வேனியாக்காரர், பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியராக இருந்து ரிட்டயரானவர். வண்டியைத் தடவிப் பார்த்த விதத்திலேயே நல்ல மனுஷன் என்று தெரிந்தது. டாஷ்போர்டிலிருந்த பிள்ளையாரையும் சேகருடைய கூலிங் கிளாஸையும் எடுத்துக்கொண்டு, இரண்டு சாவியையும் கொடுத்தேன். கதவு விஷயத்தையும் சொன்னேன். மீட்டரில் எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று பார்த்து விற்பனைக் காகிதத்தில் வால்டர் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன்.

வண்டியை ட்ரெய்லரில் ஏற்றிக் கட்டியாயிற்று. நான் வழக்கமான இடத்தில், கராஜ் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ட்ரெய்லர் நகர்ந்ததும் வாய் தானாகத் திறந்து "போயிட்டு வாங்க" என்றது.

வால்டர் ஜன்னலை இறக்கி, என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். போய்விட்டு வாருங்கள் என்று அர்த்தம், எங்கள் ஊரில் யாரையும் வெறுமனே போ என்று சொல்லி அனுப்ப மாட்டோம் என்றேன். அவர் சிரித்து, நான் இதைத் திருப்பிக் கொண்டுவருவதாக இல்லையே என்றார். நானும் சிரித்தேன்.

இது நடந்தது டிசம்பரில். ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை பனி கொட்டத் தொடங்கி விடிகிற நேரத்தில் நின்றது. சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும், நல்ல வெயில். நான் காபிக்குப் பால் வைத்திருந்தேன். வாசலில் இரண்டு சின்ன ஹாரன் சத்தம். தொண்டை கட்டின சத்தம்.

நம்பினால் நம்புங்கள், எனக்கு முதலில் பயமே வரவில்லை. அடுப்பைக் குறைத்து வைக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. வைத்துவிட்டுப் போய்க் கராஜ் கதவைத் திறந்தேன். கராஜுக்கு முன்னாலிருக்கும் டிரைவ்வேயில் அந்த வண்டி நிற்கிறது.

அதன்மேல் ஒரு பொட்டுப் பனி இல்லை. சுற்றிலும் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை பனி, ஒரு டயர் தடம் இல்லை, ஒரு கால் தடம் இல்லை. தெருவில் பனி தள்ளுகிற வண்டி விடியற்காலையிலேயே வந்து போயிருந்தது. இந்த ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும், அது போகும்போது எல்லார் வீட்டு வழியையும் அடைத்து ஒரு பனிச் சுவர் எழுப்பிவிட்டுப் போகும். எங்கள் வீட்டுச் சுவரும் அப்படியே முழுசாக, இடுப்புயரத்துக்கு இருந்தது. வண்டி அதற்கு இந்தப் பக்கம் நின்றது.

வெறும் செருப்போடு பனியில் இறங்கி நடந்தேன். பானெட்டில் கை வைத்தேன். சூடாக இருந்தது. அப்புறம்தான் கவனித்தேன், என் பக்கத்துக் கதவு ஒரு ஜாண் திறந்திருந்தது. உள்ளேயிருந்து மட்டுமே திறக்கக்கூடிய கதவு.

உள்ளே யாரும் இல்லை. நன்றாகக் குனிந்து பார்த்தேன், பின் சீட்டிலும் இல்லை. ஆனால் பழைய வினைல் வாசனையும் பெட்ரோலும், அவர் ஷர்ட் பையில் எப்போதும் இருக்கும் இஞ்சி மிட்டாய் வாசனையும் வந்தது. டிரைவர் சீட் மெத்தை அழுந்தியிருந்தது. இப்போதுதான் எழுந்து போனார்கள் என்பதுபோல இல்லை, யாரோ உட்கார்ந்துகொண்டிருப்பது போல. எனக்கு ஏறிவிட வேண்டும் என்றிருந்தது. உங்களிடம் மறைப்பதற்கு என்ன, அவ்வளவு ஆசையாக இருந்தது. அடுப்பில் பால் இருக்கிறது, டாலஸில் பேத்தி இருக்கிறாள், எதுவும் ஞாபகமில்லை. வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தேன்.

அப்போது நைட்டிப் பையில் போன் அடித்தது. சனிக்கிழமை காலைகளில் மீரா வீடியோவில் குழந்தையைக் காட்டுவாள். திரையில் குழந்தை, வாயெல்லாம் வாழைப்பழம். நான் காலை வெளியே எடுத்துவிட்டேன். எடுத்த அந்த நிமிஷம் சீட் மெத்தை மெதுவாக மேலே வந்து சமமாயிற்று. அதற்கப்புறம்தான் பயம் வந்தது, பற்களெல்லாம் கிடுகிடுவென்று ஆடுகிற பயம். மீரா, "அம்மா, வாட் ஹேப்பன்ட்? ஏன் வெளில நிக்கற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பனி தள்ள வந்தேன் என்று சொல்லி வைத்தேன்.

அரை மணியில் வால்டர் கூப்பிட்டார். பூட்டின கராஜில் வண்டி இல்லை, போலீஸுக்குச் சொல்லியிருக்கிறேன், உங்களுக்குத் தெரியப்படுத்தலாம் என்று கூப்பிட்டேன் என்றார். வண்டி இங்கே இருக்கிறது என்றேன். போலீஸிடமும் சொல்லிவிட்டுக் கிளம்பி வருகிறேன் என்றார்.

போலீஸ்காரர் வந்தார். பனிச் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார், ஏதோ எழுதிக்கொண்டார். மத்தியானம் வால்டர் ட்ரெய்லரோடு வந்து சேர்ந்தார், இரண்டு சாவியும் அவர் பையிலேயே இருந்தன. தெருவெல்லாம் பனி உருக உப்பு போட்டிருந்தார்கள், பழைய வண்டிக்காரர்கள் அந்த உப்பில் வண்டியை இறக்கவே மாட்டார்கள், அடித்தகடு அரித்துவிடும். அவர் மண்டியிட்டு அடியில் பார்த்தார், ஒரு துளி உப்பு இல்லை, சேறு இல்லை. மீட்டரைப் பார்த்தார், விற்பனைக் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். கடைசி எண் உட்பட அதே எண். அவர் வீடு இங்கிருந்து எழுபது மைல்.

வண்டியை வெளியே எடுக்க வேண்டுமென்றால் அந்தச் சுவரை வெட்டியாக வேண்டும். ஆளுக்கு ஒரு மண்வெட்டியோடு நானும் அவரும் ஒரு மணி நேரம் வெட்டினோம். ஏற்றிக் கட்டி முடித்ததும் அவர் என்னிடம் வந்தார், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். மேடம், நான் உங்கள் மேல் எந்தத் தப்பும் சொல்லவில்லை, அன்றைக்கு ஒன்று சொன்னீர்களே, தயவுசெய்து இந்தத் தடவை அதைச் சொல்லாதீர்கள் என்றார்.

சரி என்றேன். ட்ரெய்லர் நகர்ந்தது. நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். தெருமுனையில் திரும்பும்வரை பொத்தியிருந்தேன், பல் உதட்டில் பதிந்து ரத்தம் வந்துவிட்டது. வண்டி திரும்பி மறைந்தது, ஹாரன் சத்தம் எதுவும் வரவில்லை. இரண்டாவது தடவையும் சேகரைச் சொல்லாமலே அனுப்பிவிட்டேன் என்று புரிந்தபோது அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் இறந்த அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

வண்டி அப்புறம் வரவில்லை. வால்டர் கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு அனுப்புவார், வண்டி சௌக்கியம் என்று ஒரு வரி இருக்கும்.

ஆனால் ஒன்று. அதற்குப் பிறகு மூன்று குளிர்காலம் போயிற்று. எப்போது பனி பெய்தாலும் எங்கள் டிரைவ்வேயில் ஒரு இடத்தில் மட்டும் பனி தங்குவதில்லை. நீளமும் அகலமும் நானே டேப் வைத்து அளந்தேன், ஒரு தடவை இல்லை, ஏழு தடவை, லேபில் செய்வதைப் போலத் தனித்தனியாக எழுதி வைத்தேன். ஏழு தடவையும் அந்த வண்டியின் அளவுதான். நல்ல பனியில் காய்ந்த சிமெண்ட் தெரியும், தொட்டால் லேசாகச் சூடு இருக்கும். என் காரை நான் தெருவில்தான் நிறுத்துகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டபோது கராஜ் கதவு ரிப்பேர் என்று சொன்னேன்.

போன குளிர்காலம் ஒருநாள் அந்தக் காய்ந்த இடத்தின் ஓரத்தில், என் பக்கத்துக் கதவு வருமே, அங்கே போய் நின்றேன். நின்று, அன்றைக்கு ஆம்புலன்ஸிடம் சொல்லாததை வாய்விட்டுச் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த பனிக்கும் அந்த இடம் காய்ந்துதான் இருந்தது.

வீட்டை விற்றாகிவிட்டது. அடுத்த மாதம் டாலஸுக்குப் போகிறேன், மீரா எனக்குக் கீழ்த்தளத்தில் அறை ஒதுக்கி, ஜன்னலுக்குத் திரைகூட வாங்கிவிட்டாள். அவள் வீட்டு வாசலில் அகலமான டிரைவ்வே இருக்கிறது, ஒரு பக்கம் காலியாகவே கிடக்கும், வீடியோவில் காட்டினாள். நல்ல ஊர்தான், வெயில் ஊர். அங்கே பனி எப்போதாவதுதான் விழுமாம். அவர் வந்து நின்றால் எனக்கு எப்படித் தெரியும்?